ஆகவே மாமா

குக்கருக்கு கேஸ்கட் போய்விட்டது, ஒன்று வாங்கி வாருங்கள் என்று மனைவி சொன்னால் கணவர்களில் பாதிப் பேர் கடைக்குப் போவார்கள். மீதிப் பேர் மறந்துவிடுவார்கள். ஆகவே மாமா இந்த இரண்டு கட்சியிலும் சேராதவர். பழைய கேஸ்கட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வார். அந்தச் செருமல் கேட்டதும் மருமகளுக்கு மாடியில் துணி காய்ந்திருக்கும் என்று ஞாபகம் வந்துவிடும்.

“திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரியில கொதிச்சு, அதுக்கு மேல சூடு ஏறாது. குக்கருக்குள்ள 120 வரைக்கும் போகும். அதான் பருப்பு சீக்கிரம் வேகுது. பிரஷர் இல்லாம எதுவும் வேகாது. ஆனா அந்த பிரஷர் உள்ளேயே நிக்கணும்னா சுத்தி ஒரு வளையம் வேணும். அந்த வளையத்துக்குப் பேருதான் பொறுமை. ஆகவே…”

“ஆகவே, கடைக்காரன் எட்டரைக்கு ஷட்டர இறக்கிருவான்” என்றார் அத்தை.

அன்று அந்த வீட்டில் பருப்பு வேகவில்லை. பொறுமையைப் பற்றிய பேச்சு மட்டும் நன்றாகக் குழைய வெந்திருந்தது.

இந்த மாமா ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமானவர் அல்ல. மதுரையில் பார்க்கலாம், மாயவரத்தில் பார்க்கலாம், மாம்பலத்தில் தெருவுக்கு மூவராகப் பார்க்கலாம். மின்வாரியத்திலோ வங்கியிலோ எல்.ஐ.சி.யிலோ கோப்புகளுக்குக் குறிப்பு எழுதியே தலை நரைத்தவர். ஓய்வுக்குப் பிறகு கோப்பு வருவது நின்றுவிட்டது. குறிப்பு எழுதும் கை நிற்கவில்லை. கண்ணில் படுவது எதுவானாலும் அடியில் ‘ஆகவே’ என்று ஒரு வரி போட்டுக் கையெழுத்திட்டால்தான் அன்றைய அலுவல் முடிந்ததாக அவருக்குத் தோன்றும்.

“இதுல இருந்து என்ன தெரியுது?” என்பது அவருடைய பல்லவி. கேள்வி போலத்தான் இருக்கும், ஆனால் யாராவது பதில் சொல்லிவிட்டால் அவருக்குப் பிடிக்காது. மின்சாரம் போய் வீடே இருட்டில் கிடந்த ஒரு ராத்திரி, அகல் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு மாமா இதைக் கேட்டார். “இன்வெர்ட்டர் பேட்டரிக்கு யாரும் தண்ணி ஊத்தலைன்னு தெரியுது தாத்தா” என்றான் ஏழு வயதுப் பேரன். பையன் சொன்னது சரி. ஊற்ற வேண்டியவர் யார் என்பதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்று ஞானஜோதி பற்றிய பேச்சு வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடிந்தது.

ஒரேயடியாக அவரைக் கேலி செய்துவிடவும் முடியாது. அவர் பரம்பரை அப்படி. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிப்பதற்கென்று நம்மவர்கள் விரித்து ஆடிய பரமபத சோபான படத்தில் ஏணிக்குப் புண்ணியத்தின் பெயரும் பாம்புக்குப் பாவத்தின் பெயரும் வைத்து, உச்சியில் வைகுண்டத்தையும் வரைந்துவிட்டார்கள். தாயக்கட்டையை உருட்டுகிற குழந்தை, தான் தர்ம சாஸ்திரம் படிக்கிறோம் என்று அறியாமலே படித்தது. மாமா மதுரைக்காரராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சொக்கநாதரின் 64 திருவிளையாடலும் கைவசம் இருக்கும். வீதியில் பள்ளம் தோண்டிவிட்டு ஒப்பந்தக்காரர் காணாமல் போனால், வைகைக் கரையை அடைக்க வந்து புட்டை வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கிய கூலியாள் கதை உடனே புறப்படும்.

இவருக்கு ஆதர்சம் திருமுருக கிருபானந்த வாரியார். காங்கேயநல்லூரில் 1906-இல் பிறந்து, 1993-இல் மறையும் வரை ஊர் ஊராகப் போய்க் கதை சொன்னவர். கூட்டத்தில் முன்வரிசைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்டுப் பரிசு கொடுப்பது வாரியார் வழக்கம். முருகனுக்கு அப்பா யார் என்று அவர் கேட்க, ஒரு பொடியன் ‘சிவாஜி’ என்று சொல்லிவிட்டதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ 1965-இல் வந்து, சிவபெருமானுக்கு சிவாஜி கணேசன் முகத்தைக் கொடுத்துவிட்டிருந்த காலம். கூட்டம் சிரித்ததாம். வாரியார் சிரிக்காமல், காந்திஜி, நேருஜி என்று மரியாதையாகச் சொல்வதில்லையா, அதுபோல் பையன் சிவனுக்கு ‘ஜி’ போட்டிருக்கிறான் என்று சொல்லி அவனைக் காப்பாற்றினாராம்.

வாரியார் கதையை நீட்டிக் கருத்தைக் குறுக்குவார். மாமாவிடம் அந்தக் கணக்குத் தலைகீழ்.

வீட்டில் ரிமோட் யார் கையில் இருந்தாலும் டி.வி.யில் ஓடுவது மாமாவின் படம்தான். ‘பாட்ஷா’ ஓடினால், ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்துக்குள் பாட்ஷா ஒளிந்திருப்பதுபோல ஜீவனுக்குள் சிவன். ‘மைக்கேல் மதன காம ராஜன்’ ஓடினால், நாலு கமலும் ஒரே கமல், ஆகவே அத்வைதம். அத்தைக்கு அந்தப் படத்தில் உயிர் கல்யாணச் சாம்பாரில் மீன் விழும் இடம். கிரேசி மோகன் வசனத்துக்கு அவர் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற நேரம் பார்த்து, “மனசுதான் சாம்பார், ஆசைதான் மீன்” என்று மாமா ஆரம்பிப்பார். அடுத்த மூன்று நகைச்சுவைகள் அத்தையின் காதில் விழாமலே போய்விடும்.

பிக் பாஸ் வந்தபோது வீட்டிலுள்ளோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அடுத்தவர் சண்டையை வேடிக்கை பார்க்கும் இந்த நிகழ்ச்சியில் பக்திக்கு ஏது இடம் என்பது அவர்கள் எண்ணம்.

“குரல் மட்டும் கேக்குது. உருவம் கிடையாது. எல்லாரையும் ராப்பகலாப் பாத்துக்கிட்டே இருக்கு. அது யாரு?” என்றார் மாமா.

“பிக் பாஸ்” என்றாள் மருமகள்.

“பரம்பொருள்!”

தன்னைப் பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்ளும் கமல்ஹாசன் 2017 முதல் ஏழு சீசன் நடத்திய நிகழ்ச்சியில் பரம்பொருளைக் கண்டுபிடித்த பெருமை மாமாவையே சேரும். வாராவாரம் ஒருவர் வெளியேற்றப்படுவதுதான் பிறவிப் பெருங்கட்டிலிருந்து விடுதலை என்றும் விளக்கினார்.

“அப்ப கடைசி நாள் வரைக்கும் உள்ளேயே இருந்து 50 லட்சம் வாங்குறவங்க மாமா?”

“பாவம், அவங்களுக்கு இன்னும் வினை தீரலம்மா.”

வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் மகன், அந்த வினையில் கொஞ்சம் தன்மேல் ஒட்டாதா என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

கிரிக்கெட்டும் தப்பவில்லை. 2023 ஐ.பி.எல். இறுதி ஆட்டம் அகமதாபாத்தில் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மறுநாளும் மழை குறுக்கிட்டு, சென்னைக்கு 15 ஓவரில் 171 என்று ஆனது. கடைசி ஓவரில் 13 ரன் வேண்டும். மோகித் சர்மா முதல் நாலு பந்தில் மூன்றே ரன் கொடுத்தார். மிச்சம் இரண்டு பந்து, பத்து ரன். ஜடேஜா ஒன்றை ஆறுக்கும் அடுத்ததை நாலுக்கும் அனுப்பினார். நள்ளிரவு தாண்டிய அந்த நேரத்தில் தெருவே வெடி வெடித்துக்கொண்டிருக்க, மாமா சோபாவில் சம்மணமிட்டுக் கஜேந்திர மோட்சத்தைத் தொடங்கியிருந்தார். தும்பிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிற கடைசிக் கணத்தில் கருடன் வரவில்லையா? ஆகவே…

அக்காள் மகன் ஒருவன் வேலை காரணமாக அகமதாபாத்தில் இருந்துவிட்டு வந்ததில் குஜராத் பக்கம் சாய்ந்தவன். “நாலு பந்து அருமையாப் போட்டாரே மோகித் சர்மா, அவருக்கு என்ன பாடம் மாமா?” என்றான்.

மாமா சற்றே திணறினார். பிறகு முகம் மலர்ந்தது. “கதைய முழுசாக் கேளு. முதலையும் சாபம் நீங்கிக் கந்தர்வனாப் போச்சுல்ல?”

அதே ஆட்டத்தில் தோனி சந்தித்த முதல் பந்திலேயே ஆட்டமிழந்து போனதை மட்டும் மாமா எந்தப் புராணத்தோடும் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றிப் பேச்சே எடுத்ததில்லை.

பயணத்தில் அவரோடு போகிறவர்களுக்குத் தப்பிக்க வழியே கிடையாது. டிக்கெட் ஆர்.ஏ.சி.யில் நின்றுவிட்டால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இரண்டு பேர் பகிர்ந்து உட்கார வேண்டும். காலை நீட்டினால் எதிராளி மடக்க வேண்டும். எதிராளி நீட்டினால் இவர் மடக்க வேண்டும். இல்லறம் இதுதான் என்று மாமா திண்டுக்கல்லில் ஆரம்பித்தால் திருச்சி வரும்போது வானப்பிரஸ்தத்துக்கு வந்திருப்பார். எதிரே காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் அறிமுகமில்லாத மனிதர், டிக்கெட் பரிசோதகர் வந்ததும், வேறு எங்கேயாவது, கழிவறைப் பக்கமானாலும் பரவாயில்லை, ஓர் இடம் கிடைக்குமா என்று விசாரிப்பார்.

ஒரு தகவலை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் 2018-இல் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது அரசியல் கட்சிகள் அடைந்த வருத்தம் ஒரு பக்கம் இருக்க, மாமா அடைந்த வருத்தம் தனி. ‘குடும்ப விளக்கு’ என்ற குழுவில் அதிகாலை ஐந்து மணிக்குத் தாமரைப் பூ படத்தோடு அன்றைய சிந்தனையை ஏற்றிவிட்டு, யார் யார் படித்தார்கள் என்று நீல நிறக் குறியை எண்ணிக்கொண்டிருப்பார். குழுவை ஓசையடக்கி வைத்திருக்கும் ரகசியத்தைக் குடும்பத்தில் ஒருவரும் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டதில்லை.

இவருக்கு மத வித்தியாசமும் இல்லை. பாளையங்கோட்டையில் இவரே அண்ணாச்சியாக ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறவர்களை நிறுத்தி, “மேல இருந்து சிக்னல் ஃபுல்லா வருதுல. நீதாம்ல ஏரோபிளேன் மோடுல கெடக்க” என்பார். காயல்பட்டினத்தில் இவரே காக்காவாக, போன் சார்ஜை ரமலான் நோன்போடு சேர்த்துப் பேசுவார். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞனின் போனில் சார்ஜ் நிஜமாகவே தீர்ந்துகொண்டிருக்கும்.

வீட்டுப் பொருளை வைத்துப் பெரிய விஷயம் சொல்வது தப்பா என்று கேட்டால் மாமாவிடம் மூன்று சாட்சிகள் தயார். இயேசு நாதர் புளித்த மாவையும் காணாமல் போன காசையும் வைத்துப் பேசவில்லையா? கடலின் ஆழத்தை அளக்கப் போய்க் கரைந்துபோன உப்புப் பொம்மையைப் பரமஹம்சர் சொல்லவில்லையா? எல்லாவற்றுக்கும் மேலாக, பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் வரும் அவதூதர். மண், காற்று, மலைப்பாம்பு, தேனீ, சிலந்தி என்று 24 குருமார்கள் அவருக்கு. நெல் குத்தும்போது வளையல்கள் சத்தம் போடுகின்றன என்று கைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்ட ஒரு சின்னப் பெண்ணும் அதில் குரு. இந்தப் பகுதியை மாமா தமக்கு வழங்கப்பட்ட உரிமைப் பத்திரமாகவே வைத்திருக்கிறார். விருந்தாளி வந்தால் கட்டாயம் ஒரு முறை வாசித்துக் காட்டப்படும்.

ஒருநாள் அப்படி ஒரு விருந்தாளி சிக்கியிருந்தார். காபி கொண்டுவந்து வைத்த அத்தை, தம்ளரை நகர்த்திக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: “யது மகாராஜா தேடி வந்து கேட்டதுக்கு அப்புறந்தான அந்தச் சாமி வாயத் திறந்தாரு? அதுவரைக்கும் படிச்சதெல்லாம் தனக்குன்னுதான வச்சிருந்தாரு?”

மாமா காபியை ஆற்றினார். ஏற்கெனவே ஆறிப்போயிருந்த காபி. நாற்பது வருடமாக ஒரே கதையைக் கேட்டவருக்கு, சொல்பவர் தாவிப் போகிற இடங்களும் மனப்பாடமாகிவிடுகின்றன.

அதன்பின் யாராவது வந்து கேட்கட்டும் என்று மாமா காத்திருந்தார். இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் பால்காரர் தானாக வந்து, “என்ன சார், உடம்பு சரியில்லையா?” என்று கேட்டதையே யது மகாராஜாவின் கேள்வியாக எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்கிவிட்டார்.

ஆனால் நிஜமாகவே ஒருத்தி கேட்டாள். சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வு இரண்டாம் முறையும் கைவிட்டுப்போன சாயங்காலம், அறைக்குள் கிடந்த பேத்தி எழுந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். “தாத்தா, ஏதாவது சொல்லுங்க” என்றாள்.

வீடே கூடத்துக்கு வந்துவிட்டது. தோற்றவர்களுக்கென்று மாமாவிடம் இருக்கும் சரக்குக்குக் கணக்கில்லை. ‘பாட்ஷா’ முதல் பரமபதப் பாம்பு வரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. செருமினார். பேத்தியின் வீங்கிய கண்ணைப் பார்த்தார். மறுபடி செருமினார்.

“மதியம் சாப்பிட்டியா?” என்றார்.

இல்லை என்று தலையாட்டினாள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். விளக்குத்தூண் பக்கத்தில் ஆளுக்கொரு ஜிகர்தண்டா வாங்கினார். கீழே கடல்பாசி, அதன்மேல் பால், நன்னாரி சர்பத், தலையில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். அடுக்கடுக்காக ஒரு பொருள் கண்முன்னால் இருந்தும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேத்தி முடித்ததும் இன்னொன்று சொன்னார். சர்க்கரை வியாதிக்காரரான தாமும் இன்னொன்று குடித்தார். அதை வீட்டில் சொல்லக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு ‘குடும்ப விளக்கு’ குழுவில் ஏறியிருந்தது: ‘ஜிகர்தண்டாவும் ஜீவாத்மாவும் – பகுதி 1’. முதல் ஆளாகக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தவள் பேத்தி. இரண்டாவதாக வந்திருந்தது அத்தையின் கேள்வி, எத்தனை ஜிகர்தண்டா என்று. அதற்குப் பதில் இல்லை. மொத்தம் எத்தனை பகுதி என்று மகன் கேட்டதற்கு மட்டும் உடனே பதில் வந்தது: 64.