நாலு வீட்டுச் சாவிக்காரன் எழுதும் விண்ணப்பம்

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், ஆற்றல் திறன் பணியகம், சேவா பவன், ஆர்.கே.புரம், புதுதில்லி.

பொருள்: பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ஐந்து நட்சத்திரம் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

நான் முதுகுளத்தூரில் நாலு வீட்டுக்குச் சாவி வைத்திருப்பவன். நாலில் ஒன்றுகூட என்னுடையது அல்ல. இரண்டு சிங்கப்பூரில் இருக்கிற பங்காளிகளுடையது, ஒன்று துபாய் மச்சானுடையது, இன்னொன்று சென்னையில் தங்கிவிட்ட சின்ன மாமனாருடையது. எங்கள் பக்கம் கண்மாய் நிறைகிறதோ இல்லையோ, இப்படிப்பட்ட வீடுகள் எழும்புவது மட்டும் நிற்பதில்லை. சம்பாதிப்பது அங்கே, கட்டுவது இங்கே. திருவிழா, காதுகுத்து என்று வருஷத்தில் பத்து நாள் திறப்பார்கள். மீதி நாளில் சனிக்கிழமைதோறும் நான் போய்க் கதவைத் திறந்து, ஒட்டடை அடித்து, மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் திரும்புவேன். வெளிநாட்டில் இதற்கு 'ஹாலிடே ஹோம்' என்று பெயராம். எங்கள் ஊரில் 'பூட்டுன வீடு'.

இந்த வீடுகளின் கரண்டு அட்டையை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016 முதல். அந்த நூறை இவை தொட்டதே இல்லை. துபாயிலிருந்து மச்சான் போன் போட்டு, "மாப்ள, பில்லு எவ்வளவு வந்திருக்கு?" என்பான். "பூஜ்யம் மச்சான்" என்பேன். அவனுக்கு அதில் ஒரு பெருமை. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதுதானே நீங்கள் வீட்டுக்கு நட்சத்திரம் தரும் அளவுகோல்? மச்சான் வீடு 2,400 சதுர அடி. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 60 யூனிட் தாண்டாது. வகுத்துப் பார்த்தேன், சதுர மீட்டருக்குக் கால் யூனிட்டும் சொச்சமும். இதைவிடச் சிக்கனமான இருப்பிடம் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது ஊருக்கு வெளியே, மயானக் கரையில். ஆகவே ஐந்து நட்சத்திரம் கேட்பது பேராசை ஆகாது.

ஆனால் நீங்கள் விவரமானவர்கள். "நாங்கள் பில்லைப் பார்ப்பதில்லை. சுவர், கூரை, சன்னல் எப்படி என்று பார்த்துத்தான் கணக்குப் போடுவோம்" என்பீர்கள். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

போன ஆடி அமாவாசைக்கு ராமேசுவரத்தில் ரூம் கிடைக்காமல், தெரிந்தவர் சொல்லி ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் வந்தது. உத்தரகோசமங்கை பார்த்துவிட்டு, விடிகாலையில் அக்கினி தீர்த்தத்துக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. மச்சானிடம் கேட்டுக்கொண்டு மாடி அறையை இரண்டு நாளைக்கு வாடகைக்கு விட்டேன். மேற்கே முழுக்கக் கண்ணாடி. சிங்கப்பூரில் எடுத்த ஏதோ ஒரு போட்டோவைக் கொத்தனாரிடம் காட்டிக் கட்டியது. மேலே வெறும் கான்கிரீட் தளம். தட்டோடும் பதிக்கவில்லை, சுண்ணாம்பு ஜல்லியும் போடவில்லை. பணம் முன்வாசல் கிரானைட்டுக்கும் எவர்சில்வர் கைப்பிடிக்கும் போய்விட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு அந்தக் குடும்பமே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. அங்கே கொசு. மறுநாள் சாயங்காலம் பெரியவர் என்னை அறைக்குள் கூட்டிப்போய், கட்டில்மேல் ஏறி நின்று, தளத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். "தம்பி, இது வீடா, தோசைக்கல்லா?" வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை, மனுஷன். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார், அவ்வளவுதான்.

அந்த 'ஒரு வார்த்தை'க்கு வெள்ளைக்கார நாடுகளில் காகிதமே வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ போனால் ஏ முதல் ஜி வரை தரம் போட்ட சான்று வேண்டும். பத்து வருஷம் செல்லும். ஸ்பெயினில் 2013 ஜூன் முதல் அதே கதை. பிரான்சில் கடைசித் தரமான ஜி வீட்டை 2025 ஜனவரி முதல் புதிதாகக் குடிவைக்க முடியாது. ஓட்டை இல்லாத சட்டமா? விடுமுறை வீடு என்றால், வருஷத்தில் மொத்தம் நாலு மாதத்துக்குமேல் விடவேண்டும், தங்குபவரே கரண்டுக்குக் காசு கட்டவேண்டும், அப்போதுதான் சான்று என்று இங்கிலாந்தில் ஒரு வழிகாட்டுதல் இருந்துவந்தது. இரண்டு நாளைக்கு வருகிறவன் எந்த ஊரில் கரண்டு பில் கட்டினான்? அந்தச் சந்தில் எத்தனையோ கடலோரக் குடில்கள் நழுவியிருக்கும். இருந்தாலும் அவர்கள் கவலை குளிர், வீடு சூட்டைக் கோட்டைவிடக் கூடாது. நமக்கு வீடு சூட்டை உள்ளே விடக் கூடாது.

நம்மிடமும் விதி உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 2018 டிசம்பர் 14 அன்று 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று ஒன்றை வெளியிட்டீர்கள். பெயரைப் படித்துக் காட்டியபோது என் அத்தை காதில் "சம்ஹாரம்" என்று விழுந்து, "திருச்செந்தூர்லயா?" என்று கேட்டது. உள்ளே இருப்பதெல்லாம் நல்ல சங்கதி. கூரை வழியே இறங்கும் வெப்பம், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது. மச்சான் வீட்டுத் தளம் மாதிரி வெறும் கான்கிரீட் இதைப்போல இரண்டு மடங்குக்கும்மேல் இறக்கும். சுவரும் சன்னலும் சேர்ந்து விடுவது சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் நிற்கவேண்டும். எங்களைப்போன்ற புழுக்க மண்டலத்தில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய சன்னலும் கதவுமாக இருக்கவேண்டும். படித்துக்கொண்டே வந்தவன், யாருக்குப் பொருந்தும் என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். மனை 500 சதுர மீட்டராவது இருக்கவேண்டுமாம். எங்கள் கணக்கில் பன்னிரண்டே கால் சென்ட்டுக்குச் சற்றுமேல். என் சாவிக்கொத்தில் பெரிய வீடே ஆறரை சென்ட்டில்தான் நிற்கிறது. பிறகு 2022-இல் சட்டத்தைத் திருத்தி, குடியிருப்புகளையும் பிடிப்போம் என்றீர்கள். எதை? 100 கிலோவாட் இணைப்புள்ளதை! நாலு வீட்டிலும் உள்ள ஃபேன், பிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டாலும் நாங்கள் கால்வாசிக்கு வரமாட்டோம். நட்சத்திர முத்திரையோ, விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். விருப்பமிருந்தால் தலைக்கவசம் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் கடைத்தெருவில் எத்தனை பேர் போடுகிறார்கள் என்று.

ஆனால் ஃபேனுக்கு மட்டும் உங்கள் பிடி இறுக்கம். 2023 ஜனவரி முதல் நட்சத்திரம் ஒட்டாத சீலிங் ஃபேன் கடைக்கு வரக்கூடாது. ஏ.சி.யைப் போட்டால் 24 டிகிரியில்தான் கண்ணைத் திறக்கவேண்டும் என்று 2020-லேயே சொல்லிவிட்டீர்கள். மச்சான் வீட்டு மாடியில் ஐந்து நட்சத்திர ஃபேன்தான் சுற்றுகிறது. தோசைக்கல்லிலிருந்து இறங்கும் அனலை மிகக் குறைந்த செலவில் கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

எதிர்வீட்டில் என் அத்தை இருக்கிறது. ஓட்டு வீடு, ஒன்றரை அடி மண்சுவர், முன்னால் திண்ணை, தென்மேற்கில் ஒரு வேம்பு. சித்திரை மதியம் அங்கே போனால் செருப்பைக் கழற்றியதுமே உள்ளங்காலுக்கு வித்தியாசம் தெரியும். வெயில் ரொம்ப ஏறினால் கோணிச்சாக்கை நனைத்துச் சன்னலில் தொங்கவிடும். "இதுக்கெல்லாம் ஸ்டார் தருவாகளாடா?" என்று கேட்டது. ஓடு மாற்றக் காசில்லாமல் அடுத்த வருஷம் அதையும் இடித்துத் தளம் போடப்போகிறார்கள். வங்கிக் கடன் தளத்துக்குத்தான் கிடைக்கிறதாம், ஓட்டுக்குக் கிடைப்பதில்லையாம்.

வெயில்மேல் எங்களுக்கு வஞ்சம் இல்லை. பக்கத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் வந்தது. ஒரே இடத்தில் அமைந்ததில் அப்போது உலகத்திலேயே பெரியது என்றார்கள். இருபத்தைந்து லட்சம் பலகை. அதே சூரியன்தான் இங்கே எங்கள் தளத்திலும் அடிக்கிறான். அங்கே விழுந்தால் வருமானம், இங்கே விழுந்தால் செலவு. பங்குனியில் மச்சான் மாடியில் முண்டு மிளகாய் காயப்போட்டோம். இரண்டே நாளில் சருகாகிவிட்டது. களத்தில் காய்ந்ததைவிட நன்றாக இருந்தது என்று வியாபாரி விசாரித்தார். அந்த வீட்டுக்கு இதுவரை கிடைத்த ஒரே நற்சான்று அது.

சிங்கப்பூர்ப் பங்காளி ஒருவர் வீட்டை விற்கப் பார்க்கிறார். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது என்று ஒரு மஞ்சப்பை நிறையத் தயாராக வைத்திருக்கிறேன். வாங்க வருகிறவரும் வில்லங்கத்தை 30 வருஷத்துக்குப் பார்க்கிறார், போரைப் போட்டுத் தண்ணீரை நாக்கில் வைத்து உப்பா நல்லதா என்று பார்க்கிறார். கூரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் எல்லாரும் வீடு பார்க்க வருவது காலையில், நல்ல நேரம் பார்த்து. அந்த நேரத்தில் தோசைக்கல்லும் குளிர்ந்துதான் இருக்கும். வாடகைக்காரர்கள் மட்டும் விவரம். மேல்தளம் என்றதும் வாடகையில் ஐந்நூறைக் குறைத்துக் கேட்பார்கள். அந்த ஐந்நூறுதான் இப்போதைக்கு எங்கள் ஊரின் ஆற்றல் திறன் சான்று. நீங்கள் சான்றைக் கட்டாயமாக்கினால் அதற்கும் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, ஒரு டீச்செலவு முளைக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் கேட்கிறேன், அந்தக் கோயம்புத்தூர்ப் பெரியவர் கட்டில்மேல் ஏறி நின்றது கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆகவே தங்கள் அதிகாரி ஒருவரை ஆய்வுக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கருவி எதுவும் வேண்டாம், உள்ளங்கை போதும். சித்திரையில் வரட்டும், மாடி அறையிலேயே தங்கட்டும், வாடகை வேண்டாம். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி வைக்கவேண்டும். ஹீட்டர் கிடையாது. மாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, எனவே மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர் தாராளமாக வரும். பச்சைத் தண்ணீரில் குளிக்க ஆசைப்பட்டால் எதிர்வீட்டு அத்தையிடம் சொல்லிவைக்கிறேன், மண்பானையில் இருக்கும்.

இப்படிக்கு,
நாலு வீட்டுச் சாவிக்காரன்,
முதுகுளத்தூர்.