ஊருக்கொரு ரிஜிஸ்டர், உலகத்துக்கொரு கேட்டலாக்

பாலக்காட்டு எல்லையில் புத்தகம் தேடி அலைந்தவனுக்கு ஐக்கிய கேரளத்தின் சரித்திரம் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. பாலக்காடு டவுன் பழைய மலபார். சென்னை மாகாணம் 1948-ல் போட்ட பொது நூலகச் சட்டம் அங்கே செல்லும். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி எங்கள் சித்தூர் தாலுகா. அது கொச்சி ராஜா சீமை. பெரியப்பா வேலை பார்த்த மூணாறு எஸ்டேட்டோ திருவிதாங்கூர். அங்கே பி.என். பணிக்கர் 1945-ல் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய கிரந்தசாலை சங்கத்தின் வழி. 1956-ல் மாநிலம் ஒன்றாகிவிட்டது. நூலகங்களுக்கெல்லாம் ஒரே சட்டம் வர 1989 ஆயிற்று. மனிதர்களைச் சேர்ப்பதைவிடப் புத்தகங்களைச் சேர்ப்பது கஷ்டம்போலும்.

எங்கள் ஊர் வாயனசாலையில் மலையாளப் புத்தகங்கள் ஆறு பீரோ, தமிழ் ஒரு பீரோ. பொறுப்பில் இருந்த மாஷ், அதாவது வாத்தியார், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். படிக்க மட்டும் தெரியாது. புதுத் தமிழ்ப் புத்தகம் வந்தால் என்னைப் போன்ற பையன் யாராவது அகப்படும்வரை காத்திருப்பார்.

“தம்பி, இதுக்கு என்ன பேரு? மெல்ல வாசி.”

நான் வாசிப்பேன், அவர் காதில் விழுந்ததை ஸ்டாக் ரிஜிஸ்டரில் மலையாள எழுத்தில் எழுதுவார். பையன் யாரும் வராத நாளில் ‘தமிழ் நாவல், பச்சை அட்டை’ என்று பதிவாகும். அடுத்த வரி: ‘தமிழ் நாவல், பச்சை அட்டை, கொஞ்சம் பெரிசு’. அகிலன் ஒரு பக்கத்தில் அகிலனாகவும் இன்னொரு பக்கத்தில் அகிலாண்டமாகவும் இருந்தார். இரண்டும் ஒரே ஆளின் பெயர் என்பது ரிஜிஸ்டருக்குத் தெரியாது.

பக்கத்து ஊரில் என்ன புத்தகம் இருக்கிறது என்று அறிய அங்கே உறவு வேண்டும். மூணாற்று எஸ்டேட் படிப்பகத்தில் இருந்த தலைப்புகளைப் பெரியப்பா இன்லேண்ட் லெட்டரின் மடிப்புக்குள் நெருக்கி எழுதி அனுப்புவார். அதில் எனக்கு வேண்டியதைக் குறித்துப் பதில் போட்டால், யாராவது லீவில் வரும்போது புத்தகம் வரும். வரும் வழி மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி ரோடு. கேரளத்தில் இருக்கும் மூணாற்றிலிருந்து கேரளத்தில் இருக்கும் சித்தூருக்கு, தமிழ்நாட்டைக் கடந்து ஒரு தமிழ்ப் புத்தகம் வந்து சேரும்.

பிற்பாடு நூலக வேலைக்கே போனபோதுதான், நாங்கள் செய்ததற்கு ‘கூட்டுப் பட்டியல்’ என்று கௌரவமான பெயர் இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலக் கல்லூரிகள் 1967-ல் சேர்ந்து ஓ.சி.எல்.சி. என்ற அமைப்பை உண்டாக்கின. 1971-ல் அது கம்ப்யூட்டர் வழியாக வேலையைத் தொடங்கியது. யாராவது ஒருவர் புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், வருஷம், பக்கம் எல்லாம் ஒழுங்காக எழுதிப் போட வேண்டியது. மற்றவர்கள் அதையே எடுத்துக்கொள்ள வேண்டியது. ஒருவர் சமைக்க ஊரே சாப்பிடும் ஏற்பாடு. அந்த அமைப்பு நூலகங்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த கேட்டலாக் அட்டைகள் மட்டும் 190 கோடி. கடைசி அட்டை 2015 அக்டோபரில் அச்சாயிற்று. எங்கள் ஊருக்கு அட்டை வரவே இல்லை. ரிஜிஸ்டரிலிருந்து நேரே கம்ப்யூட்டருக்குத் தாவிவிட்டோம். பின்தங்கியிருந்ததில் மிச்சமான செலவு இது.

இணையம் வந்ததும் அவர்களுக்கும் எங்கள் மாஷின் சங்கடம் வந்தது. அலமாரியில் இல்லாத பொருளை எப்படிப் பதிவது? 1999-ல் ஓ.சி.எல்.சி. ‘கார்க்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, நல்ல இணையதளங்களைப் பல நூலகங்கள் பங்குபோட்டுப் பட்டியலிட வழி செய்தது. புத்தகப் பதிவில் 245-ஆம் எண் கட்டம் தலைப்புக்கு என்றால், 856-ஆம் எண் கட்டம் இணைய முகவரிக்கு. இன்று நூலகத்தில் நாங்கள் ஓட்டும் கோஹா மென்பொருள் நியூசிலாந்தின் ஒரு சிறிய நூலகத்துக்காகப் பிறந்தது, இலவசம். புத்தகத்தின் எண்ணைத் தட்டினால் வாஷிங்டன் நூலகத்திலிருந்து பதிவு வந்து விழுகிறது. பொள்ளாச்சி பஸ் வருவதற்குள் பத்துப் பதிவு இறக்கிவிடலாம்.

அப்படி ஒருநாள் எங்கள் காலத்துத் தமிழ் நாவல் ஒன்றைத் தேடினேன். முழு விவரத்தோடு இருந்தது, அமெரிக்காவில். கோதுமை விற்று வரவு வைத்த ரூபாயில், பி.எல். 480 திட்டத்தின்கீழ் 1962 முதல் இந்தியப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குக் கப்பலேற்றினார்கள். நாம் ரேஷன் கடையில் கோதுமைக்கு வரிசையில் நின்றபோது நம் நாவல்கள் சிகாகோவில் வரிசையாக நின்றிருக்கின்றன. பதிவில் தலைப்பு ரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளியும் கோடுமாக. மாஷ் மலையாள எழுத்தில் எழுதினார், இவர்கள் ரோமனில். சமீபகாலப் பதிவுகளில் தமிழ் எழுத்தும் கூடவே தலைகாட்டுகிறது. சந்தோஷம்.

இணையத்தில் தமிழுக்குக் குறைவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்தவர் 2005-ல் தொடங்கிய நூலகம் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா நூலகம் என்று பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரிஜிஸ்டர். ஒரே ஆசிரியர் ஓரிடத்தில் இனிஷியலோடு, ஓரிடத்தில் இல்லாமல், ஓரிடத்தில் புனைபெயரில். இதைச் சரிசெய்ய, ஒரு பெயரை நிலைநிறுத்தி மற்றதெல்லாம் அதற்கு வழிகாட்டும்படி எழுதிவைக்கும் முறையை நூலகர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். உட்கார்ந்து எழுத ஆள்தான் வேண்டும். பதிவில் உள்ள முகவரி சில சமயம் செத்துப்போயும் இருக்கிறது. அந்தக் காலத்தில் புத்தகம் காணவில்லை என்றால் எந்த வீட்டில் இருக்கிறது என்றாவது மாஷ் சொல்வார்.

இடுக்கியில் இடமலக்குடிக் காட்டுக்குள் பி.வி. சின்னத்தம்பி என்பவர் தம் டீக்கடையில் ஒரு நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் எழுதியிருந்தார். 160 புத்தகங்கள், படிப்பவர்கள் முதுவர் பழங்குடியினர். யார், எந்தப் புத்தகம், என்றைக்கு எடுத்தார் என்று நோட்டில் சுத்தமாக எழுதிவைத்திருந்தார். கரண்ட் இல்லாத இடத்தில் பதிவேடு பிழையில்லாமல் இருந்தது. எல்லா வசதியும் உள்ள எங்கள் பக்கத்தில் தமிழ் பீரோவுக்கு இன்னும் ‘பச்சை அட்டை’தான் பட்டியல்.

கேரள நூலகக் கவுன்சிலில் எட்டாயிரத்துக்கும் மேல் நூலகங்கள் சேர்ந்திருக்கின்றன. சித்தூரிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழ்ப் புத்தகம் வைத்திருப்பவற்றில் உங்கள் ஊர் வாயனசாலையும் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், வருஷம், பக்கம் என்று ஐந்து விவரங்களைத் தமிழிலேயே எழுதுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்ற உள்ளூர்க் கல்லூரிப் பிள்ளைகள் போதும். ஒருமுறை ஒழுங்காக எழுதினால் உலகம் முழுக்க எடுத்துக்கொள்ளும். எழுதாத புத்தகத்தைச் சிகாகோவாலும் தேடித் தர முடியாது.