மோரில்லா வீட்டிலிருந்து ஒரு கடிதம்

லெஸ்டர், இங்கிலாந்து
கார்த்திகை மாதம்

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

அக்காளின் முழங்கால் வலி குறைந்ததா என்பதை அறிய ஆவல். சென்ற கடிதத்தில், "உன் வீட்டில் பாலும் தயிரும் நெய்யும் பிரஷ்டம் செய்யப்பட்டுவிட்டனவாமே, பரம்பரைச் சைவனான உனக்கு இதற்கு மேலும் என்ன சைவம் வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு கார்டில் அடங்கும் விஷயமன்று ஆகையால், அக்காளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு சாவகாசமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நம் குடும்பத்தில் பிறந்தவன் மாமிசம் புசியாதிருப்பது ஒரு சாதனையன்று. கண்ணில் படாததை அவன் தின்னாமல் இருந்தான் என்பதற்கு மேல் அதில் புகழ்வதற்கு ஏதும் இல்லை. இருந்தும் அந்தப் பெருமையையும் ஒரு பெட்டியாகச் சுமந்துகொண்டுதான் நான் இத்தேசத்தில் வந்து இறங்கினேன். இறங்கிய பிறகே, சைவம் என்பது நம் ஊரில் சமைத்தவர் யார் என்று கேட்டு நிச்சயிக்கப்படுவது என்பதும், இங்கோ பொட்டலத்தின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்ட ஜாபிதாவைப் படித்து நிச்சயிக்கப்படுவது என்பதும் விளங்கின. குழந்தைகள் சப்பும் ஜெல்லி மிட்டாயில், பன்றித் தோலையும் மாட்டெலும்பையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் இருக்கிறது. சீஸ் வகைகள் பலவற்றில், பாலைத் திரியச் செய்வதற்காகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்கிறது. இத்தாலியப் பார்மிஜானோ சீஸுக்கு அதைத் தவிர வேறொன்றும் ஆகாது என்று விதியே வகுத்திருக்கிறார்கள். வுஸ்டர் சாஸில் நெத்திலி இனத்து மீன் ஊறிக் கிடக்கிறது. பீரைத் தெளியவைப்பதற்கு மீனின் காற்றுப்பையைக் கரைத்து விடும் வழக்கம் உண்டென்று, பீரையே தொடாத என்னிடம் ஒரு நண்பர் மிகுந்த அனுதாபத்துடன் தெரிவித்தார். ஆகவே கடைக்குப் புறப்படும்போது பணப்பையை மறந்தாலும் மூக்குக் கண்ணாடியை நான் மறப்பதில்லை.

இத்தனை பிரயாசைப்பட்டுக் காப்பாற்றிய சைவத்திற்குப் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் தர முடியாது என்று தீர்ப்புச் சொல்லும் இயக்கத்தைத் தொடங்கியவர், நான் குடியிருக்கும் இதே லெஸ்டர் நகரவாசி என்பதை விதியின் பரிகாசம் என்றே சொல்ல வேண்டும். இந்நாட்டுச் சைவ உணவுச் சங்கம் 1847-ஆம் ஆண்டு ராம்ஸ்கேட் என்ற கடற்கரையூரில் ஆரம்பமானது. அதன் அங்கத்தினர் மாமிசத்தை விட்டார்களேயன்றி, பாலையும் முட்டையையும் விட வேண்டுமென்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இரண்டாவது மகாயுத்தத்தின்போது ரேஷன் வந்த காலத்தில், மாமிசப் பங்கை வேண்டாமென்று எழுதிக் கொடுத்த சைவர்களுக்கு அதற்கு ஈடாகச் சீஸைக் கூட்டிக் கொடுத்தார்கள் என்றால், பால்பொருள்களுக்கு இருந்த கௌரவம் தங்களுக்குப் புலப்படும். டொனால்ட் வாட்ஸன் என்ற தச்சுவேலை ஆசிரியர், பாலும் வேண்டாம் என்போருக்குச் சங்கப் பத்திரிகையில் ஓர் இடம் ஒதுக்குங்கள் என்று கேட்டார், சங்கத்தார் இணங்கவில்லை, 1944 நவம்பரில் அவரும் சிலரும் கூடித் தனிச் சங்கம் கண்டனர். பாலும் வெண்ணெயும் இன்றி மனிதன் எவ்வளவு காலம் ஜீவித்திருப்பான் என்று கேட்டவர்களுக்கு அவர் அளித்த பதில் தர்க்க ரீதியானதன்று: 2005-ஆம் ஆண்டில் தமது 95-ஆம் வயதில்தான் அவர் காலமானார். பாலை விலக்கிய அவர் வாழ்ந்த இந்த லெஸ்டர்தான் ரெட் லெஸ்டர் சீஸுக்குப் பெயர் கொடுத்த இடமும். ஸ்டில்டன் சீஸ் செய்வதற்குச் சட்டப்படி உரிமையுள்ள மூன்று ஜில்லாக்களில் லெஸ்டர் ஜில்லாவும் ஒன்று.

இந்தச் சரித்திரத்தையெல்லாம், பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த தங்கள் மருமகள், நான் ரசம் சாதத்தை முடித்துக்கொண்டு மோருக்குக் கை நீட்டும் சமயம் பார்த்து எடுத்துரைத்தாள். கன்று ஈன்றால்தான் பசு பால் தரும் என்பதையும், பெரிய பண்ணைகளில் பிறந்த ஓரிரு நாளிலேயே கன்றைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள் என்பதையும், பால் தராத காளைக்கன்றின் கதி இறைச்சிக் கடையில்தான் முடிகிறது என்பதையும் நிதானமாகச் சொன்னாள். நானும் விடவில்லை. பாளையங்கோட்டை வீட்டுத் தொழுவத்தையும், கன்றை முதலில் ஊட்டவிட்டுப் பிறகே மடியில் கை வைக்கும் நம் தர்மத்தையும் விஸ்தாரமாக வர்ணித்தேன். "கன்று செத்துப்போனால் என்ன செய்வீர்கள், அப்பா?" என்று கேட்டாள். தாங்களும் பார்த்திருக்கிறீர்கள், அத்தான்: வைக்கோல் அடைத்த கன்றுத் தோலைத் தாயின் முன் நிறுத்தி, அது அதை நக்கிக்கொண்டிருக்கையிலேயே நாம் கறந்த பாலை. அந்த வைக்கோல் கன்று என் வாயை அடைத்துவிட்டது. மோர்ச்சட்டி மேஜையை விட்டு இறங்கியது.

மாமிசத்தை விடுகிறவனுக்கு இந்த ஊரில் உதவி அபாரம். பாலை விடுகிறவன் படுகிற பாடே வேறு. காலைக் காப்பியில் ஆரம்பித்தது சங்கடம். சோயாப் பால் சூடான டிகாக்ஷனைக் கண்டதும் சில சமயம் திரிந்துவிடுகிறது. பாதாம் பாலில் தண்ணீரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பாதாமைத்தான் தேட வேண்டும். கடைசியில் கைகொடுத்தது ஓட்ஸ். அதைத் தண்ணீரோடு அரைத்து, மாவுச்சத்தின் ஒரு பகுதியை என்ஸைமின் உதவியால் சர்க்கரையாக்கி வடித்தெடுக்கிறார்கள்; ஆதலால் அதற்கு இயல்பாகவே ஒரு தித்திப்பு உண்டு. நுரை நிற்பதற்காகச் சிறிது எண்ணெய் சேர்த்த 'பாரிஸ்டா' என்னும் ரகத்தை வாங்கி, டவரா டம்ளரில் இரண்டு முறை ஆற்றிக் கொடுத்தால், கும்பகோணத்தார் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் திருநெல்வேலியார் மௌனமாகக் குடித்துவிடுவார்கள்.

மாமிசத்துக்கும் பாலுக்கும் பதிலாக இங்கே விற்கும் சரக்குகளில் ஒரு பெரும்பகுதி, மாமிசத்தை விட்டவர்கள் மாமிசத்தை மறக்காதிருக்கும் பொருட்டுச் செய்யப்படுவது. பன்றியிறைச்சியின் ருசியைப் பிறவியில் அறியாத என்னிடம் ஒரு தாவரத் துண்டைக் கொடுத்து, "அச்சாக அதேபோல் இருக்கிறதல்லவா?" என்று கேட்டால், மரியாதைக்காகத் தலையை ஆட்டுவதைத் தவிர நான் என்ன சாட்சி சொல்ல முடியும்? இதைவிட விசேஷம், நம் பலாக்காய்க்கு இங்கே நேர்ந்திருக்கும் உத்தியோக மாற்றம். இளம் பிஞ்சாக வெட்டி, உப்புநீரோடு டின்னில் அடைத்து அனுப்பியதை நார் நாராகப் பிய்த்து, புகைமணம் வீசும் தித்திப்புச் சாஸில் புரட்டி, இறைச்சிக்குப் பதிலாக ரொட்டிக்குள் வைக்கிறார்கள். பண்ருட்டிக்காரர் எவரேனும் கண்டால் மானநஷ்ட வழக்குத் தொடுப்பார். அதே டின்னை வாங்கி, உப்புப் போகக் கழுவி, தேங்காயும் மிளகும் அரைத்துவிட்டு என் மனைவி கறி செய்தபோது, அது மறுபடியும் பலாக்காயாகவே மேஜைக்கு வந்தது. இன்னொன்றும் கேளுங்கள்: கொண்டைக்கடலை வேகவைத்த நீரைக் கடைந்தால் முட்டையின் வெள்ளைக்கருவைப்போல நுரைத்து நிற்கிறது என்று 2014-ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுப் பாடகர் கண்டு சொன்னார், அதைக் கொண்டு இங்கே கேக்கும் மெரிங்கும் செய்கிறார்கள். நவராத்திரிதோறும் நாம் அங்கணத்தில் கொட்டிய நீரை நினைத்தால் மனம் பதைக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டார் குஜராத்தி ஜைனர்கள். 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை வெளியேற்றியபோது இந்நகருக்கு வந்து, பெல்கிரேவ் சாலையையே ஒரு சிறிய குஜராத்தாக ஆக்கிய சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு மண்ணுக்குள் விளையும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஆகா, நெய் ஆகும். தங்கள் மருமகளுக்கு வெங்காயம் ஆகும், நெய்யும் தேனும் ஆகா. இருதரப்பாரையும் ஒரே பந்தியில் உட்கார்த்தும் தினத்தில், விலக்கப்பட்டவற்றைக் கழித்துக்கொண்டே போனால் விருந்து செய்கிறவனும் கழிந்துபோவான் போலிருந்தது. தேங்காய் துருவி, மாங்காய் கீறிப்போட்ட சுண்டலே அன்று இரு சமயங்களையும் சமரசப்படுத்தியது.

எல்லாம் சரியாயிற்று, தயிர் ஒன்றுதான் தீராத வழக்காக நின்றது. கடையில் விற்கும் சோயாத் தயிர் பெரும்பாலும் வெனிலா வாசனையும் சர்க்கரையுமாக இருக்கிறது. தேங்காய்த் தயிரைச் சோற்றில் பிசைந்தால், உப்புப் போட்ட பாயசத்தைச் சாப்பிடுகிறோமோ என்ற ஐயம் உண்டாகிறது. அப்போது என் மனைவி, நிலக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, துணியில் வடிகட்டி, காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு, இந்தக் குளிரில் வேறு வெதுவெதுப்பான இடம் இல்லாமையால், விளக்கை மட்டும் ஏற்றிய அடுப்புப் பெட்டிக்குள் வைத்தாள். உறைமோர் அகப்படாத இக்கட்டில் காம்பைப் போட்டுப் பால் உறையவைக்கும் பாட்டிமார் யுக்தி, கடலைப் பாலிலும் பலித்தது. மறுநாள் கரண்டியில் எடுத்தால் நிற்கும் பதத்தில் புளித்திருந்தது. கடலை வாசம் சற்று உண்டு. இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் சேர்த்துத் தாளித்து மோராக்கிவிட்டால் அதுவும் அடங்கிவிடுகிறது.

இந்த அலைச்சலுக்கெல்லாம் பிறகே ஒன்று உறைத்தது. ஆங்கில நண்பர்களை விருந்துக்கு அழைத்த நாளில், நம் பக்கத்து மறுவீட்டு விருந்துச் சொதியைச் செய்தோம்: பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், தேங்காயின் மூன்றாம் பாலில் காயை வேகவைத்து முதற்பாலை இறுதியில் விட்டு இறக்கி எலுமிச்சை பிழிந்தது, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அதில் எந்தப் பொருளுக்கும் பதிலாக எதுவும் சேரவில்லை. எதுவும் குறைவதாக ஒருவரும் நினைக்கவுமில்லை. 'இது எதற்குப் பதில்?' என்று கேட்கத் தோன்றாத பதார்த்தமே நல்ல பதில் என்பது என் இன்றைய அபிப்பிராயம். இட்லி, சாம்பார், வற்றல் குழம்பு, புளியோதரை என்று அந்த வகையில் நம் வீட்டில் இருக்கிற பட்டியல் தங்களுக்குத் தெரியாததன்று. ஒரு சத்து மட்டும் நம் பட்டியலுக்கும் அகப்படாது. பி12 என்னும் வைட்டமின் தாவர உணவில் நம்பத் தகுந்த அளவில் கிடைப்பதில்லையாகையால், சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை போட வேண்டிய வாயில் நாங்கள் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறோம்.

இனித் தங்கள் சட்ட ஞானத்தை நாட வேண்டிய விஷயம். மகாத்மா காந்தி, பசுவையும் எருமையையும் கறப்பதில் நடக்கும் கொடுமையைக் கேள்வியுற்றுப் பாலை விட்டார். பின்னர் நோயில் உடல் தேறாதிருந்தபோது, சங்கல்பம் செய்கையில் அவர் மனத்தில் இருந்தவை பசுவும் எருமையுமே என்று கஸ்தூரிபா எடுத்துக்காட்ட, ஆட்டுப் பாலை ஏற்றார். இந்த முன்மாதிரியைத் தாங்கள் கவனிக்க வேண்டும். தை மாதம் நான் மட்டும் ஊருக்கு வருகிறேன். நான் சங்கல்பம் செய்த அன்று என் மனத்தில் இருந்தவை லெஸ்டர் பண்ணைப் பசுக்களே. அப்படியிருக்க, நெல்லையப்பர் கோயில் வாசலில் விளக்கு வைக்கும் வேளையில் இலையில் வைத்துக் கொடுக்கும் அல்வாவின் நெய், அந்தச் சங்கல்பத்தின் அதிகார எல்லைக்குள் வருமா, வராதா? ஆட்டுப் பால் விஷயத்தில் விரதத்தின் எழுத்தைக் காத்தேனேயன்றி அதன் உயிரைக் காக்கவில்லை என்று காந்திஜியே வருந்தியதைத் தங்கள் மருமகள் உடனே மேற்கோள் காட்டுவாள்; அதற்கும் ஒரு பதில் தயாரித்து வைக்கவும். பாளையங்கோட்டைக் கோர்ட்டில் இத்தனை காலம் வாதாடிய தங்களுக்கு இது பெரிய வழக்கன்று. சாட்சிப் பொருளாகக் கால் கிலோ போதும்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்