வலது காலின் குற்றம்

லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். 28 இல்லை, கவனியுங்கள். 28 என்று போட்டால் முப்பது மீட்டர் பொய்யாகிவிடும் அல்லவா, அவ்வளவு யோக்கியம். 2022-இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட் கார்களுக்கு அரசாங்க முத்திரையோடு கிடைத்த மைலேஜ் இது.

இந்த எண் பிறந்த சோதனைக்கூட தேசத்துக்கு நானும் குடிபெயரத் தயார். அங்கே கார், உருளை மேல் நின்ற இடத்திலேயே ஓடும். மொத்தப் பயணமும் 1180 விநாடி, இருபது நிமிஷம்கூட இல்லை. நிற்கும் வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 26 விநாடி எடுத்துக்கொள்ளலாம். பின்னால் ஆர்டிசி பஸ்காரர் ஹாரனில் கைவைக்க மாட்டார். உச்ச வேகம் 90. ஏசி அணைந்திருக்கும். மேடு, குழி, எருமை, கல்யாண ஊர்வலம் ஒன்றும் கிடையாது. அறைக்குள் 30 டிகிரிக்கு மேல் போக வெயிலுக்கே அனுமதி இல்லை. இந்தச் சோதனைக்கு மூலமான பழைய சோதனையை ஐரோப்பா 2017-லேயே கழற்றிவிடத் தொடங்கியது. நமக்கு மாற்று 2027 ஏப்ரலில் வருமாம்.

இப்போது ஹைதராபாத்தின் மல்லாபூருக்கு வாருங்கள். நாச்சாரம் தொழிற்பேட்டை லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து உப்பல் போய்ச் சேர்ந்தால், நாரபள்ளி வரை போகவேண்டிய மேம்பாலம். 2018-இல் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சர் கட்கரி அடிக்கல் நாட்டினார். பிறகு வருஷக்கணக்காக வெறும் தூணாகவே நின்றது. அடியில் ரோடு என்று ஒன்று, அதைவிடப் பெரிய பள்ளங்களுக்கு இடையில். மைலேஜ் சோதனைக்கு விதி எழுதுவதும் அவருடைய அமைச்சகம்தான். பாலம் சொன்ன தேதிக்கு வராது, கார் மட்டும் சொன்ன கணக்குக்கு ஓடும்.

ஹைபிரிட் நெரிசலில் கெட்டிக்காரன், மறுக்கவில்லை. நின்றால் என்ஜினை அணைக்கும், பிரேக் பிடித்தால் அந்தச் சக்தியை பேட்டரிக்குள் போட்டுக்கொள்ளும். ஆனால் மே மாத மத்தியானத்தில் ஏசி கம்ப்ரசரும் அதே பேட்டரியைத்தான் உறிஞ்சும். பேட்டரி இறங்கியதும் நின்ற இடத்திலேயே என்ஜின் விழித்துக்கொண்டு, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றாமலே பெட்ரோலை எரிக்கும். அந்த நிமிஷத்து மைலேஜ் பூஜ்யம். அப்படியும் அதே ரோட்டில் சாதாரண பெட்ரோல் காரைவிட இது கூடத்தான் தரும். உள்ளதைச் சொல்லியே விற்றிருக்கலாம். ஆத்திரம் வருவதே அதனால்தான்.

28 என்று வாங்கிய வண்டி 20 தருகிறது என்று வையுங்கள். வருஷம் 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏறத்தாழ 23,000 ரூபாய் கூடுதல் செலவு. சர்வீஸ் சென்டருக்குப் போனால் அட்வைசர் டேப்லெட்டைத் தடவிக்கொண்டே குறுக்கு விசாரணையைத் தொடங்குவார். டயரில் காற்று பார்த்தீங்களா சார்? எந்நேரமும் ஏசியா? வீட்டில் எத்தனை பேர் ஏறுவீங்க? கடைசியில் தீர்ப்பு: "உங்க டிரைவிங் ஸ்டைல் சார்." ஆக குற்றவாளி என் வலது கால். ஏசி போடாமல், ஆளை ஏற்றாமல், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இருந்தால் மைலேஜ் வருமாம். அதற்குக் காரை வாங்காமலே இருந்திருப்பேனே!

அரசாங்கத்துக்கும் இதில் பழைய பங்கு உண்டு. 2015-இல் மாருதி சியாஸ் டீசல், 'ஸ்மார்ட் ஹைபிரிட்' பட்டமும் 28.09 என்ற எண்ணுமாக வந்தது. பேட்டரியை மட்டும் நம்பி ஓரடி நகரத் தெரியாத வண்டி அது. அதற்கு ஒன்றிய அரசு மானியம் கொடுத்தது. 2017 ஏப்ரலில்தான் நிறுத்தியது. இப்போது பெட்ரோலிலேயே ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைந்த சரக்கு. இந்தப் பெட்ரோலுக்கு ஏற்பச் சீரமைத்த வண்டியில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே ஒப்புக்கொண்டது. ஹைதராபாத்தில் லிட்டருக்கு 107 ரூபாயைத் தாண்டிய விலை அதற்காகக் குறைந்ததா? மாநிலம் போடும் 35.2 சதவீத வாட் குறைந்ததா? வண்டி கூடக் குடிக்கக் குடிக்கக் கஜானாவுக்குக் கொண்டாட்டம். இது யாருடைய டிரைவிங் ஸ்டைல்?

அமெரிக்காவில் ஃபோர்டு, தன் சி-மேக்ஸ் ஹைபிரிடின் மைலேஜைக் கேலனுக்கு 47 மைலிலிருந்து 43-க்கு 2013-இல் தானே இறக்கி, வாங்கியவர்களுக்கு 550 டாலர் வரை அனுப்பியது. அங்கே கேட்க ஆள் இருந்தது. அதே ஃபோர்டின் கிளாசிக் டீசலை, 32 கிடைக்கும் என்ற விளம்பரத்தை நம்பி 2014-இல் வாங்கிய கேரளப் பெண்மணி, திருச்சூர் நுகர்வோர் மன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. மன்றம் அனுப்பிய நிபுணர் சோதித்தபோது வந்தது 19.6. மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு 2022-இல் வந்தது. கார் கடனே ஏழு வருஷத்தில் அடைந்துவிடும். நியாயத்துக்கு எட்டு வருஷம். தீர்ப்புக்கு முந்தைய வருஷமே ஃபோர்டு, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது.