பூனைக் காப்பீட்டியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

வெருகின் இளமைப்பெயர் குட்டி என்று வரையறுத்த தொல்காப்பிய மரபியல், அக்குட்டிக்கு நோய் கண்டால் செலவு யாரைச் சாரும் என்பதைச் சொல்லாது விட்டது. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். களம்: சென்னை அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் தளம். ஆய்வுப்பொருள்: முத்து என்னும் கடுவன். ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை.

எது போனால் உமக்கு நட்டமோ அதற்கே நீர் காப்பீடு எடுக்கலாம் என்பது முதல் விதி. சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. முத்துவுக்குக் காலையில் நம் வீட்டில் பால். பகலில் கீழ்த்தள மாமியிடம் தயிர்சாதம். இரவில் எதிர் பிளாக்கில் மீன். இடத்துக்கொரு பெயர். மூவரும் தனித்தனியே பாலிசி எடுத்தால் என்னாம் எனின், மூன்று நிறுவனங்களும் ஒரே செலவைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு காய்ச்சலுக்கு மூன்று கிளெய்ம் செல்லாது. மேலும், பணம் கொடுத்த நிறுவனம் உம் இடத்தில் நின்று, சேதம் விளைவித்தவரிடம் ஈடு கேட்கலாம். முத்துவைக் கடித்ததோ பக்கத்துத் தெருக் கடுவன். நோட்டீஸைக் கையெழுத்திட்டு வாங்குமா என்பது ஐயமே.

உடைமையை மெய்ப்பிப்பது எங்ஙனம்? மாட்டுக்குக் காதில் வில்லை. வில்லை இல்லையேல் கிளெய்ம் இல்லை. பூனைக்குத் தோலடியில் 15 இலக்க மைக்ரோசிப். இங்கிலாந்தில் வளர்ப்புப் பூனைக்கு 2024 ஜூன் முதல் இது கட்டாயம். மணி கட்டவே ஆள் கிடைக்காத இனத்துக்கு சிப் பொருத்தும்போது பிடித்துக்கொள்வது யார் என்பது தனி ஆய்வுக்குரியது.

எதையும் மறைக்கக் கூடாது என்பது காப்பீட்டின் மற்றொரு விதி. மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில் எலிகள் சூழ, கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையைக் காண்க. அவ்வினத்தார் நிரப்பும் விண்ணப்பத்தை நம்புவது அவரவர் பாடு.

இனி ஆபத்துக் கணக்கு. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளை ஆராய்ந்த 1987ஆம் ஆண்டுக் கட்டுரை, சுமார் 90 சதவீதம் பிழைத்தன என்றது. ஏழு தளம்வரை காயம் கூடி, அதற்கு மேல் குறைந்ததாம். விழுந்த இடத்திலேயே செத்தவற்றை யாரும் தூக்கி வரமாட்டார்களே என்று மறுப்பர் ஒரு சாரார். அது வலுவான மறுப்பு. எனினும் ஒன்பதாம் தளத்துக்குக் குடிபெயரலாமா என்று பார்த்தோம். வாடகை பிரீமியத்தை விஞ்சுகிறது.

மெய்யான அச்சம் வேறு: கடுவனுக்குச் சிறுநீர் அடைப்பு. இரண்டு மூன்று நாளில் உயிர் போகும். ஆனால் ஒருமுறை வந்தபின் பாலிசி எடுக்கப் போனால், அது 'முன்பே இருந்த நோய்'. எடுத்த உடனே வந்தால், காத்திருப்புக் காலம். தடுப்பூசி போடாமல் விட்ட நோய் வந்தால், அது உம் குற்றம். 1903இல் கல்லூரி தொடங்கிய வேப்பேரி மாட்டாஸ்பத்திரியிலோ கட்டணம் குறைவு, ஆட்டோவுக்குத்தான் அதிகம். அந்த ஆட்டோவில் நம் கையில் விழும் கீறலைப் பூனையின் பாலிசி ஏற்காது.

ஆகவே மூன்று வீட்டாரும் மாதந்தோறும் ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டு வைப்பது என முடிவாயிற்று. பொருளாளர் மாமி. எதிர் பிளாக்கார் இம்மாதப் பங்கைத் தரவில்லை; மீன் செலவில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்.