முழங்காலுக்கும் வேலை உண்டு

பெடல் ஸ்டீல் கிட்டார் கற்க வந்தவருக்கு முதல் ஆறுதல்: உடம்பில் இனி எதுவும் சும்மா இருக்காது. வலக்கை மீட்ட, இடக்கை எஃகுத் தண்டை நகர்த்த, இடது கால் பெடலை மிதிக்க, முழங்கால்கள் நெம்புகோல்களை இடித்துத் தள்ளும். கழுத்தை ஏனோ விட்டுவைத்திருக்கிறார்கள்.

பயப்படாதீர்கள். நாஷ்வில்லில் வழக்கமான இ9 சுருதியில் கம்பிகள் 10; ஆரம்பத்துக்கு 4, 5, 6-ஆம் கம்பிகள் போதும். ஃப்ரெட் என்பது இதில் வெறும் கோடுதான். மூன்றாம் கோட்டுக்கு நேர்மேலே தண்டை வைத்தால் ஜி மேஜர். அங்கேயே ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதித்தால் சி. காலை எடுக்காமல் ஐந்தாம் கோட்டுக்கு நகர்ந்தால் டி. கன்ட்ரி பாட்டில் பாதி இதற்குள் அடங்கிவிடும். மீதி, ஓடிப்போன காதலியும் ஓட மறுக்கும் லாரியும்.

இந்தப் பெடல் மோகத்துக்குக் காரணம் ஸ்டீல் கிட்டார் கலைஞர் பட் ஐசக்ஸ். 1954-இல் வெளிவந்த, பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துச் சுருதியை வழுக்கி ஏற்றினார். நிம்மதியாக இருந்த ஸ்டீல் கலைஞர்கள் பெடலைத் தேடி ஓடினார்கள்.

தண்டு மயிரிழை விலகினாலும் சுருதி கெடும். அப்போது வலது காலால் வால்யூமைக் குறைத்து, முகத்தில் சோகத்தை ஏற்றுங்கள். ரசிகர்கள் உருக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.