பூதக் காக்கா

காயல்பட்டினத்தில் பொழுது சாய்ந்தால் ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு வழிதான். ஒன்று பந்து மைதானம், இல்லாவிட்டால் கடற்கரை. தியேட்டர் இல்லாத ஊர். பந்தும் காலுக்கு வசப்படாமல், கடல்காற்றும் ஒத்துக்கொள்ளாமல் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. மாடியில் பாய் விரித்து, பகடை உருட்டி, பூதங்களைக் கட்டி மேய்க்கும் இனம். அதற்கொரு தலைவர் இருப்பார். தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூதக் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

வயது நாற்பதை ஒட்டி இருக்கும். ரத்தினக்கல் வியாபாரம். வருஷத்தில் பாதி ஹாங்காங், மீதி ஊர். ஊருக்கு வரும்போது பெட்டியில் மற்றவர்கள் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் அடுக்குவார்கள். இவர் பெட்டியில் கனமான ஒரு புத்தகம் இருக்கும்: மான்ஸ்டர் மேனுவல். எடை கூடிப்போனால் சாக்லேட்டை எடுத்து வெளியே வைப்பாரே தவிர, இதைத் தொடமாட்டார்.

இதன் பூர்வீகம் அமெரிக்கா. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்திருந்த கேரி கைகாக்ஸ் என்பவர், டேவ் ஆர்னசன் என்ற நண்பரோடு சேர்ந்து 1974-ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். நாலைந்து பேர் வீரன், மந்திரவாதி, திருடன் என்று வேஷம் கட்டி உட்காருவார்கள். ஒருவர் மட்டும் கதை சொல்லி, எதிரே வரும் அத்தனை பூதங்களுக்கும் பொறுப்பேற்பார். அந்தப் பூதங்களுக்கென்று தனிப் புத்தகம் முதன்முதலில் 1977-ல் வந்தது. இன்சூரன்ஸ்காரர் என்பதைக் கவனியுங்கள். ஒரு பூதத்துக்கு ஆயுள் எவ்வளவு, எதனால் சாகும், எதனால் சாகாது என்று கட்டம் போட்டு அச்சடிக்க வேறு யாருக்குத் தோன்றும்?

காக்காவுக்கு இந்த வித்தை திடீரென்று வந்ததல்ல. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடப் பையில் ட்ரம்ப் கார்டு இல்லாத பையன் தமிழ்நாட்டில் உண்டா? மல்யுத்த வீரர்களின் படத்துக்குக் கீழே உயரம், எடை, மார்பளவு, ரேங்க். எடை கேட்டால் யோக்கோசூனா வைத்திருப்பவன் ராஜா. அந்தக் காலத்திலேயே இவர் சீட்டைப் பார்க்காமல் எல்லா எடையும் சொல்வாராம். மற்றவர்கள் வளர்ந்து குடும்பஸ்தர்களாகிவிட்டார்கள். இவரும் குடும்பஸ்தர்தான், ஆனால் எடை மனப்பாடம் போகவில்லை.

தன் பழைய மேனுவலில் பூதத்தின் கட்டத்தை அவர் படிக்கும் விதமே தனி. புதிதாக வருகிறவன் மேலிருந்து படிப்பான். பலம் இத்தனை, வேகம் இத்தனை என்று வாயைப் பிளப்பான். காக்கா கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல முதலில் பழுதைத் தேடுவார். எலும்புக்கூட்டுக்குத் தடியடி ஆகாது. ட்ரோலுக்குத் தீயும் அமிலமும் ஆகாது. மற்ற எதனால் அடித்தாலும் தன் முறை வரும்போதெல்லாம் 10 உயிர்ப்புள்ளி திரும்ப ஏறும். பழுது தெரிந்த பிறகுதான் ஏ.சி., ஹெச்.பி. எல்லாம். ஹெச்.பி. என்பது உயிர்ப்புள்ளி. ஏ.சி. என்பது எதிரி மீது அடி விழுவது எவ்வளவு கஷ்டம் என்ற கணக்கு. இருபது முகப் பகடையை உருட்டி, உன் திறமைப் புள்ளியைக் கூட்டி, அந்த எண்ணைத் தொட வேண்டும். வளர்ந்த செந்நிற டிராகனுக்கு 19. “ஏ.சி. பத்தொன்பது!” என்று மாடியில் ஒரு பையன் அலற, கீழேயிருந்து உம்மாவின் குரல் வந்தது: “பத்தொன்பதுல எதுக்குடா வைக்கிறிய? கரண்ட் பில்லை யாரு கட்டுறது?”

ஒரே சமயத்தில் காப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் ஐந்து வந்தால்தான் அவர் நிர்வாகத் திறமை தெரியும். ஐந்தும் ஒரே அச்சு. ஆளுக்கு 7 உயிர். எது அடிபட்டது, எது ஓடியது என்று எப்படி நினைவில் வைப்பது? வெளிநாட்டில் இதற்கென்று வண்ணம் பூசிய பொம்மைகள் விற்கிறார்கள். விலையைக் கேட்டால் நம் ஹெச்.பி. குறையும். காக்காவின் பாயில் புளியங்கொட்டை, சோழி, சட்டைப் பட்டன், சோடா மூடி, பேரீச்சங்கொட்டை. கையில் நாள்காட்டித் தாளின் பின்பக்கம், காதில் பென்சில்.

“சோடா மூடியை அடிக்கிறேன் காக்கா. ஆறு!”

“சோடா மூடிக்கு ஒண்ணு மிச்சம். தள்ளாடுறான். அடுத்து பேரீச்சங்கொட்டை உன் முதுகுல குத்துறான்.”

சோழி இறந்த அன்று ஒரு சின்னப் பையன் உண்மையிலேயே அழுதான். அது அவன் வீட்டுச் சோழி.

இனி ரகசியத்துக்கு வருவோம். புத்தகத்தில் ஓகர் என்ற முரட்டுப் பூதத்துக்கு உயிர் 59 என்று போட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குள் ஒரு சூத்திரம் இருக்கும்: பத்து முகப் பகடையை ஏழு முறை உருட்டி, 21 கூட்டு. அதாவது 59 என்பது சராசரி. உருட்டிப் பார்த்தால் 28-ஆகவும் இருக்கலாம், 91-ஆகவும் இருக்கலாம். 28-க்கும் 91-க்கும் நடுவில் எவ்வளவு பெரிய மைதானம் கிடக்கிறது, பாருங்கள். அந்த மைதானத்தில்தான் காக்கா குடித்தனம் நடத்துகிறார்.

ஏனென்றால் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை இரவு தங்குவது பெண் வீட்டில். பகலெல்லாம் உம்மா வீட்டில் பூதம் மேய்க்கலாம். இஷா தொழுகை முடிந்தும் கொஞ்ச நேரம் மேய்க்கலாம். மணி பத்தானால் மாமியார் வீட்டுக் கதவு காத்திருக்கும். மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார். ஒன்றும் சொல்லாமல் சோற்றை மூடி வைத்திருப்பார். அது போதும். ஆகவே ஒன்பது மணிக்கு வந்த ஓகருக்கு உயிர் 91. ஒன்பதே முக்காலுக்கு வந்த ஓகர் 28-லேயே சாய்ந்துவிடும். வீட்டிலிருந்து போன் வந்துவிட்டால் ஒரே அடி. பையன்கள் தாங்கள் வென்றதாக நினைத்துக் கைதட்டுவார்கள். சில பூதங்கள் மட்டும் ஒத்துழைக்காது. ஸோம்பி உயிர் பூஜ்யமான பிறகும் ஒரு பகடை உருட்டி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒற்றைப் புள்ளியோடு எழுந்து நிற்கும். அந்தப் பகடையை மட்டும் காக்கா புத்தகத்துக்குப் பின்னால் மறைத்து உருட்டுவார். ஒன்பது ஐம்பதுக்கு மேல் எந்த ஸோம்பியும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

இது ஏமாற்று என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அச்சிட்ட சூத்திரத்தின் எல்லைக்குள்தான் மனிதர் நிற்கிறார். வருமான வரிக் கணக்கில் இவ்வளவு ஒழுங்கு உள்ளவர்கள் எத்தனை பேர்?

மறதி அவருக்குண்டு. ஆனால் அது உடனே தெரியாது. சுபுஹுத் தொழுகைக்குப் போகும் வழியில் நினைவு வரும். அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: “நேத்து ட்ரோலுக்கு ரெண்டு தடவை பத்து சேர்க்க மறந்துட்டேன். ட்ரோல் சாகலை.” ராத்திரி செத்துப்போன பூதம் விடிவதற்குள் உயிர்பெற்றுவிடும். பள்ளிக்குக் கிளம்பும் பையன்கள் குழுவில் பெரிய வழக்கே நடக்கும். தீர்ப்பு மாறாது.

புத்தகத்தில் சில பக்கங்களுக்கு அவர் கிளிப் மாட்டி வைத்திருக்கிறார். ஜின் வருகிற பக்கங்கள். 161 உயிர் என்று வெள்ளைக்காரன் எண்ணி எழுதியிருக்கிறான்; உம்மும்மா காதில் விழுந்தால் புத்தகமே அடுப்புக்குப் போகும். திருச்செந்தூரிலிருந்து வரும் கூட்டாளி ஒருவர் ராட்சசன் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். புலித்தலை, உள்ளங்கை திரும்பிய கை, ஏ.சி. 16, உயிர் 110. “எங்க ராட்சசனுக்கு இந்தக் கையை யாருய்யா மாட்டினது?” என்றார். பிறகு, “யானைமுகம் போயி, சிங்கமுகம் போயி, அப்புறம் சொந்த முகத்தோட வாரானே நம்ம சூரன், அவனுக்கு எத்தனை போடுவிய?” என்று கேட்டார். காக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “அது பகடைக் கணக்குல வராது, அண்ணாச்சி. டீ குடிங்க.”

இப்போது அவருக்கு வந்திருக்கும் துக்கம் வேறு. 2025-ல் புது மேனுவல் வந்துவிட்டது. அதில் சாதாரண காப்ளின் வீரனுக்கு உயிர் 7-லிருந்து 10 ஆகியிருக்கிறது. “பருப்பு விலை ஏறுறது சரி, காப்ளினுமா?” என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் சமரசம்: உள்ளூர்ப் பையன்களுக்கு 7, வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் பையன்களுக்கு 10.

நீங்கள் ஊருக்கு வந்து விளையாட ஆசைப்பட்டால் தாராளமாக வரலாம். பகடை அவரே தருவார், வாடாவும் டீயும் கீழேயிருந்து வரும். ஒன்பதரைக்கு மேல் வந்தால் டிராகனைக்கூட ஜெயிக்கலாம். பென்சில் மட்டும் இரவல் கொடுத்துவிடாதீர்கள், திரும்பி வராது.